தோட்டத்து அட்வான்ஸும் அட்டையின் அட்வான்ஸும்

கடன்பற்று அட்டை பற்றி நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியதைக் கணக்குகளோடு எழுத்தில் தரும்படி நேயர்கள் பலர் கேட்டிருந்தனர். திரையில் எண்கள் ஓடி மறைந்துவிடும். தாளில் இருந்தால் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு சரிபார்க்கலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு நிகழ்ச்சி நடத்துகிறவள். வங்கி அதிகாரி அல்ல. வங்கி கொடுக்கும் தாளைப் பொறுமையாகப் படித்தால் யாருக்கும் புரியக்கூடியதைத்தான் இங்கே சொல்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரே சொல், இரண்டு பொருள்

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'அட்வான்ஸ்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மாத நடுவில் அலுவலகத்தில் கொஞ்சம் பணம் தருவார்கள். மாதச் சம்பளம் போடும்போது அதைக் கழித்துக்கொள்வார்கள். நூறு வெள்ளி வாங்கினால் நூறு வெள்ளிதான் கழியும். கிராணியார் அதற்கு மேல் ஒரு காசு எழுத முடியாது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது: சம்பள முன்பணத்தை முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு வட்டி வாங்கக் கூடாது.

அதே வீட்டுப் பிள்ளை இன்று கூலிம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். கையில் கடன்பற்று அட்டை இருக்கிறது. தீபாவளி நெருங்குகிறது, கையில் ரொக்கம் இல்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு பணப் பட்டுவாடா இயந்திரத்தில் அட்டையைச் செருகுகிறார். 'கேஷ் அட்வான்ஸ்' என்று திரை கேட்கிறது. அப்பா, தாத்தா காலத்திலிருந்து பழகிய சொல். 'அட்வான்ஸ்தானே, சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம்' என்று 1,000 வெள்ளி எடுக்கிறார்.

சொல் ஒன்றுதான். பொருள் முற்றிலும் வேறு. தோட்டத்து அட்வான்ஸ் நீங்கள் உழைத்துச் சம்பாதித்த பணம், கொஞ்சம் முன்னால் வருகிறது. அட்டையின் அட்வான்ஸ் வங்கியின் பணம். இயந்திரம் நோட்டை வெளியே தள்ளும் அந்த நாளிலேயே அதற்கு வட்டி தொடங்கிவிடுகிறது.

அட்டையை வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். வட்டி எத்தனை விழுக்காடு என்று எல்லோரும் கேட்கிறோம். வட்டி எந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்பவர் குறைவு.

555 புத்தகம் மாதிரிதான்

தோட்டத்துக்குப் பக்கத்து மளிகைக் கடையில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகம் இருக்கும். அரிசி, சீனி, கருவாடு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் மொத்தத்தையும் கட்டினால் கணக்குத் தீர்ந்தது. கடன்பற்று அட்டையில் பொருள் வாங்குவதும் ஏறக்குறைய அதேதான், முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டும் வரைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் கணக்கறிக்கை மாதந்தோறும் 5ஆம் தேதி வருகிறது. மார்ச் 10ஆம் தேதி 1,200 வெள்ளிக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்குகிறீர்கள். அன்றே அது கணக்கில் பதிவாகிறது. ஏப்ரல் 5ஆம் தேதி அறிக்கை வருகிறது. அதிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் உண்டு. ஆக ஏப்ரல் 25 கடைசி நாள். அதற்குள் 1,200 வெள்ளியையும் கட்டிவிட்டால், 46 நாள் வங்கியின் பணத்தைச் சும்மா பயன்படுத்தியிருக்கிறீர்கள். வட்டி பூஜ்யம்.

இப்போது 1,000 வெள்ளி மட்டும் கட்டுகிறீர்கள். 'மீதி 200 வெள்ளிதானே, அதற்கு மட்டும் வட்டி வரும்' என்று நினைப்போம். ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றால் ஒரு மாதத்துக்கு 2 வெள்ளி 50 காசு. பெரிய தொகையா என்ன?

அடுத்த அறிக்கையில் வருவது வேறு. முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லா அவகாசம் கைவிட்டுப் போகிறது. வங்கி பின்னோக்கிச் சென்று, பொருள் கணக்கில் பதிவான மார்ச் 10ஆம் தேதியிலிருந்தே வட்டி போடுகிறது. 1,200 வெள்ளிக்கு 46 நாள். வட்டி 22 வெள்ளி 68 காசு. பிறகு மிச்சமிருக்கும் 200 வெள்ளிக்கு மே 5 வரை 10 நாள், 82 காசு. மொத்தம் 23 வெள்ளி 50 காசு. நாம் எதிர்பார்த்ததைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல்.

பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் அந்த அவகாசம் கிடைக்காது. பழைய பாக்கி தீரும் வரை அட்டையைப் பெட்டிக்குள் வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ரொக்கம் எடுத்தால்?

மளிகைக் கடைக்காரரிடம் அரிசி கடன் கேட்கலாம். கல்லாப்பெட்டியிலிருந்து நூறு வெள்ளி எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும்? அட்டையில் ரொக்கம் எடுப்பது அந்தக் கதைதான். வங்கி முகம் சுளிக்காது; அதற்குப் பதில் இரண்டு கட்டணம் போடும்.

முதலாவது, எடுத்தவுடன் போடும் கட்டணம். நம் நாட்டில் இது பெரும்பாலும் எடுத்த தொகையில் 5 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகை ஒன்றும் இருக்கும். வங்கிக்கு வங்கி சிறிது மாறும். இரண்டாவது, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி, எடுத்த நாளிலிருந்து நாள் கணக்கில். நீங்கள் ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளர் என்றாலும் இதில் சலுகை இல்லை. 20 நாள் அவகாசமும் இல்லை.

1,000 வெள்ளி எடுத்த பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 50 வெள்ளி. ஒரே வாரத்தில் திருப்பிக் கட்டினால் வட்டி 3 வெள்ளி 45 காசு. மொத்தச் செலவு 53 வெள்ளி 45 காசு. 30 நாள் கழித்துக் கட்டினால் வட்டி 14 வெள்ளி 79 காசு. மொத்தம் 64 வெள்ளி 79 காசு. நூற்றுக்கு மாதம் ஆறரை வெள்ளி வட்டி என்று சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடகுக் கடையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. 1,000 வெள்ளிக்கு ஒரு மாதம் 20 வெள்ளி. அட்டையில் ஏறக்குறைய 65 வெள்ளி. ஆறு மாதம் என்றால் அடகுக் கடையில் 120 வெள்ளி. அட்டையில் கட்டணமும் வட்டியும் சேர்ந்து 140 வெள்ளி அளவில். காலம் நீள நீள இரண்டும் நெருங்கி வருகின்றன. காரணம், அட்டையில் 50 வெள்ளி முதல் நாளே போய்விடுகிறது. அதை ஒரு வாரத்தில் சுமந்தாலும் ஒரு வருடத்தில் சுமந்தாலும் அதே 50தான்.

அதனால் 'ஒரு வாரத்துக்குத்தானே' என்பது இதில் ஆறுதலான பேச்சு அல்ல. குறுகிய காலத்துக்கு எடுப்பதுதான் விகிதப்படி மிக அதிகச் செலவு. இப்படிச் சொல்வதால் தாலிக்கொடியை அடகு வையுங்கள் என்று அர்த்தமில்லை. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் நகை போய்விடும். அந்த இழப்பு எந்த வட்டிக் கணக்கிலும் வராது. அட்டையில் ரொக்கம் எடுப்பது எவ்வளவு விலை உயர்ந்த கடன் என்று காட்டவே இந்த ஒப்பீடு.

சின்னத் தொகையில் நிலைமை இன்னும் மோசம். குறைந்தபட்சக் கட்டணம் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வெள்ளி எடுத்தால் அந்த நிமிடமே நூற்றுக்குப் பதினைந்து போயிற்று.

குறைந்தபட்சத் தொகை என்னும் மெத்தை

அறிக்கையில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். ஒன்று மொத்த பாக்கி. மற்றொன்று குறைந்தபட்சம் கட்ட வேண்டியது: பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. நம் கண் எந்தத் தொகையில் போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

3,000 வெள்ளி பாக்கி, 15 விழுக்காடு வட்டி, புதிதாக எதுவும் வாங்கவில்லை, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறீர்கள். முதல் மாதம் கட்டுவது ஏறக்குறைய 150 வெள்ளி. பாக்கி குறையக் குறைய 5 விழுக்காடும் குறையும். 140, 130 என்று இறங்கி 50 வெள்ளியில் வந்து நிற்கும். சுமை குறைவதுபோல் தெரிகிறது. உண்மையில் கடன் நீள்கிறது. இது தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 800 வெள்ளி.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் மாதம் கட்டிய அதே 150 வெள்ளியை ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். அறிக்கை 'போதும், குறைத்துக் கட்டலாம்' என்று சொன்னாலும் குறைக்காதீர்கள். கடன் இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். வட்டி 475 வெள்ளி அளவில் நிற்கும். முதல் மாதம் கட்ட முடிந்த தொகைதானே அது. கூடுதல் சம்பளம் வேண்டியதில்லை, பிடிவாதம் போதும்.

நேயர்களின் கேள்விகள்

பாடாங் செராயிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: 'வட்டியை வங்கி இஷ்டத்துக்குப் போடுமா?'

இல்லைங்கம்மா. பேங்க் நெகாரா மூன்று படிகளை வைத்திருக்கிறது. தொடர்ந்து 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையையாவது கெடுவுக்குள் கட்டியவருக்கு, பொருள் வாங்கிய பாக்கிக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. 12 மாதத்தில் 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17. மற்றவர்களுக்கு 18. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் உண்டு: பாக்கியில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, எது அதிகமோ அது, உச்சவரம்பு 100 வெள்ளி.

தமிழ்நாட்டில் உள்ள நம் உறவினர்களின் நிலையோடு பார்த்தால் இது ஒரு பாதுகாப்புதான். இந்தியாவில் மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போடும் அட்டைகள் சாதாரணம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36க்கு மேல். 2008இல் அங்குள்ள தேசிய நுகர்வோர் ஆணையம் 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. நமக்கு இங்கே வரம்பு இருக்கிறது. ஆனால் வரம்பு விழுக்காட்டுக்குத்தான். நாம் எத்தனை ஆண்டு கட்டுகிறோம் என்பதற்கு வரம்பு இல்லை.

பீடோங்கிலிருந்து ஒரு தம்பி: 'கெடு நாள் வெள்ளிக்கிழமை. வங்கி மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டினேன். தாமதக் கட்டணம் வந்துவிட்டது. என்ன நியாயம்?'

இது நம் கெடாவுக்கே உரிய சிக்கல். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வங்கிகளின் தலைமையகம் இருக்கும் கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் ஒன்றாக வேலை செய்வது திங்கள் முதல் வியாழன் வரைதான். வேறொரு வங்கி வழியாகக் கட்டினால் பணம் போய்ச் சேர நாள் எடுக்கலாம். அதனால் கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகக் கட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். உங்கள் கெடு 3ஆம் தேதி என்றால், சம்பளம் வரும் முன்பே கடன் கதவைத் தட்டும். அறிக்கைத் தேதியை மாற்றித் தர முடியுமா என்று வங்கியைக் கேட்டுப் பாருங்கள். அறிக்கை 20ஆம் தேதி வந்தால் கெடு 9 அல்லது 10ஆம் தேதி வாக்கில் விழும். தாமதக் கட்டணத்தைப் பொறுத்தவரை, இதுவரை தவறாமல் கட்டியவர் என்றால் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துத் தள்ளுபடி கேளுங்கள் தம்பி. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கூலிமிலிருந்து ஓர் ஐயா: 'மகனுக்கு இரண்டு அட்டை. இரண்டிலும் பாக்கி. ஒன்றில் ரொக்கம் எடுத்து இன்னொன்றைக் கட்டுகிறான். எப்படி நிறுத்துவது?'

ஐயா, அப்படிக் கட்டும்போது கடன் குறைவதில்லை. இடம் மாறுகிறது, மாறும்போதெல்லாம் 5 விழுக்காடு கொழுக்கிறது. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையைத் தேய்த்து ரொக்கம் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடமும் போகாதீர்கள். அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், முழுத்தொகையும் மகனின் கணக்கில் ஏறும். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்து வங்கிக்குப் போய், பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். 2020இல் கோவிட் காலத்தில், அட்டைப் பாக்கியை அதிகபட்சம் 13 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டு வரை தவணையாக்கிக் கட்ட வங்கிகள் வழி விட்டன. ஆக, கேட்டால் கிடைக்காத காரியமல்ல. வங்கியோடு பேசி முடியவில்லை என்றால் ஏகேபிகே இருக்கிறது. கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனம் என்பது அதன் பொருள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வருமானத்தையும் செலவையும் பார்த்து, வங்கிகளோடு பேசி, ஒரே மாதத் தவணையாக ஒரு திட்டம் போட்டுத் தருவார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

அட்டை யாருக்குக் கிடைக்கும்?

2011 மார்ச்சில் பேங்க் நெகாரா விதிகளை இறுக்கியது. வயது 21 ஆக வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி, அதாவது மாதம் 2,000. ஆண்டுக்கு 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாதச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை மட்டும் வாங்குகிறவருக்கு அட்டை கிடைக்காது. ஓவர்டைம் சேர்ந்து 2,000 தாண்டினால் கிடைக்கலாம். அங்கேதான் கவனம் வேண்டும். ஓவர்டைமை நம்பி அட்டை வாங்கியவர், தொழிற்சாலையில் வேலை குறைந்த மாதம் எதை வைத்துக் கட்டுவார்?

3,000 வெள்ளி சம்பளக்காரர் இரண்டு அட்டைகளையும் முழு வரம்புக்குப் பயன்படுத்தினால் கடன் 12,000 வெள்ளி. நான்கு மாதச் சம்பளம். விதிக்கு உட்பட்டே இவ்வளவு தூரம் போக முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

எதை இழக்கப் போகிறோம்?

தோட்டத்தில் வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் முடிந்தது. சுங்கைப்பட்டாணியிலோ லுனாஸிலோ ஒரு சின்னத் தரைவீடு வாங்கி அப்பா அம்மாவைக் குடிவைக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளின் ஆசை. அதற்கு வீட்டுக்கடன் வேண்டும். விண்ணப்பம் போனதும் வங்கி முதலில் திறந்து பார்ப்பது சிசிரிஸ் எனப்படும் பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டைத்தான். கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் கட்டினீர்கள், எந்த மாதம் தவறினீர்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். தீபாவளிக்கு எடுத்த 1,000 வெள்ளி, கட்டாமல் விட்ட மூன்று மாதம், வீட்டுக்கடன் மறுப்பு. இந்த மூன்றும் ஒரே சங்கிலி. அந்தப் பிள்ளை செலவு செய்தது 1,000 வெள்ளிதான். தள்ளிப்போனது பெற்றோரின் வீடு.

ஆகவே இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக வந்த அறிக்கையை எடுத்து நான்கு வரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள்: மொத்த பாக்கி, கெடு நாள், உங்களுக்குப் போடும் வட்டி விகிதம், ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம். பிள்ளையின் அறிக்கையைப் பெற்றோரும் பார்க்கட்டும். மலாயோ ஆங்கிலமோ படிக்க வராத அம்மாவுக்குப் பிள்ளை படித்துச் சொல்லட்டும். அவசரத்துக்கு என்று மாதம் 50 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒன்றரை ஆண்டில் 900 வெள்ளி இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

உங்கள் அறிக்கையில் புரியாத வரி இருந்தால் எழுதி அனுப்புங்கள். கணக்கு எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.